மீனைக் காட்டு

என் கணவர் ஊரோடு வந்துவிட்ட பிறகு மதியத்தில் எனக்கு யாரும் போன் செய்வதில்லை. செய்ய வேண்டிய ஆள் பக்கத்து அறையில் சாப்பிட்ட களைப்பில் தூங்குகிறார். ஆனாலும் லுஹர் தொழுது முடித்துச் சோற்றை எடுத்து வைக்கும் நேரம் வந்தால் என் கை தானாகப் போனைத் தேடுகிறது. கை போனைத் தேடும்போதே மனசு தஞ்சாவூர் வாடகை வீட்டுக்குப் போய்விடுகிறது.

அதை அழகான வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். கூடத்துக்கு ஜன்னலே கிடையாது. பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் மூலையில் கிடப்பது கால்மிதியா பூனையா என்று தெரியும். மழை பிடித்துக்கொண்டால் சமையலறையில் இருக்கிற பாத்திரமெல்லாம் தரைக்கு வந்துவிடும். ஒழுகலை அடுத்த மாதம் சரிசெய்து தருகிறேன் என்று வீட்டுக்காரர் எல்லா மாதமும் சொன்னார். அப்படிப்பட்ட வீட்டை நினைத்து இப்போது ஏங்குகிறேன் என்றால், அந்தக் கூடத்தில்தான் எங்கள் கடல் இருந்தது.

கடல் என்றால் ஒரு கட்டில் நீளக் கண்ணாடித் தொட்டி. என் கணவருக்கு வளைகுடாவில் ஒரு பெரிய மாலில் மீன் தொட்டிகளைப் பராமரிக்கிற வேலை. கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறை விடுமுறையில் வந்தவர், மற்ற வீட்டு மாப்பிள்ளைகள் மாதிரி சென்ட்டும் கம்பளியும் கொண்டு வரவில்லை. கடல் தண்ணீர் தயாரிக்கிற உப்பு, மோட்டார்கள், நீல விளக்கு என்று கட்டிக்கொண்டு வந்தார். மீனையும் பாறையையும் சென்னையில் வாங்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"குடவாசல் பொண்ணு நீ. வயலும் வாய்க்காலும்தான் பாத்திருப்ப. உனக்குக் கடலைக் காட்டுறேன்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் பூம்புகாருக்குக் கூட்டிப்போனபோதே நான் கடலில் நனைந்து அம்மாவிடம் அடி வாங்கியவள். அதைச் சொல்லவில்லை. புதுப்பெண் என்று வாயை அடக்கி வைத்திருந்த காலம் அது. சீக்கிரமே முடிந்துவிட்டது.

அவர் விமானம் ஏறியதும் கடல் என் தலையில் விழுந்தது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் விட வேண்டும். கரண்டு போனால் பேட்டரி மோட்டாரைப் போட ஓட வேண்டும். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறாமல் இருக்க மேஜை விசிறியைத் தொட்டிப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். எனக்கு வேர்த்து ஊற்றும். மீன்கள் காற்று வாங்கும்.

அந்த மீன்கள் ஒரு ஜோடி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. பெரியது பெண், சிறியது ஆண். அந்த இனத்தில் பெண் வைத்ததுதான் சட்டமாம். ஆண் அவள் பின்னாலேயே திரியுமாம். இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மீன் வளர்ப்பில் ஒரு பிடிப்பு வந்தது. அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்தேன். அவனுக்குப் பெயர் எதற்கு, 'அவர்' என்றாலே போதும்.

ஜோடி குடியிருந்தது பொத்தான் பாறையில். சட்டைப் பொத்தான் அளவில், பச்சையும் ஊதாவுமாக, விளக்குப் போட்டால் விரிந்து அணைத்தால் மூடிக்கொள்கிற பவளம் அது. வந்தபோது ஒரு கைப்பிடி இருந்தது. வருடங்கள் போகப் போக அந்தப் பாறையை முழுக்க மூடி, பக்கத்துப் பாறையிலும் குடியேறிவிட்டது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக ஊர் பேசிய பேச்சை இங்கே எழுதப் போவதில்லை. பேசியவர்களுக்கே அது இப்போது ஞாபகம் இருக்காது. நானும் அவரும் சேர்ந்து வாழ்ந்த நாட்களை விடுமுறைகளில்தான் பொறுக்கி எடுக்க வேண்டும். எங்கள் இரண்டு பேர் கையாலும் வளர்ந்தது என்று காட்ட அந்தப் பாறை ஒன்றுதான் எனக்கு இருந்தது.

அவருக்கு வேலை மதியத்துக்கு மேல் தொடங்கும். அதற்கு முன்னால், நான் சாப்பிட உட்காரும் நேரத்தில், வீடியோவில் வருவார். "சாப்டியா?" என்பார். நான் ஆரம்பிப்பேன். வீட்டுக்காரர், ஒழுகல், குழாயில் வராத தண்ணீர், கல்யாண வீட்டில் அவருடைய அக்கா எல்லார் முன்னாலும் என்னைக் கேட்ட கேள்வி. கொஞ்ச நேரம் உம் கொட்டுவார். பிறகு, "சரி சரி, மீனைக் காட்டு" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடல் தாண்டி இருக்கிற மனுஷனுக்குப் பெண்டாட்டி முகம் அலுத்துவிட்டது, மீன் முகம் அலுக்கவில்லை! போனில் கேமராவைத் திருப்பி, தொட்டி முன்னால் வேண்டாவெறுப்பாகப் பிடிப்பேன். ஆனால் என் கோபத்துக்கு ஆயுசு கம்மி. மகாராணி வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றினாள் என்றால் நானே வர்ணிக்கத் தொடங்கிவிடுவேன்.

"பாருங்க, இன்னிக்கு அவரைக் கிட்டயே சேத்துக்கல. என்னமோ சண்டை போல. ஐயோ, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போறதைப் பாருங்க!"

அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். வேலைக்கு நேரமாகிற வரைக்கும் பார்ப்பார். ஒருநாள் கேட்டே விட்டேன். "நான் மீனாப் பொறந்திருந்தா என்கிட்ட இன்னும் ரெண்டு வார்த்தை கூடப் பேசியிருப்பீங்க, இல்ல?" சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பல நாள் மன்னிக்கவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, குடவாசலில் என்னைப் பெற்ற அத்தா எனக்கு எழுதிக் கொடுத்த மனையில் வீடு எழும்பியது. ஊர் ஓரம், ஜன்னலைத் திறந்தால் அத்தாவின் வயல். என் கணவரும் அங்கே வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வருவதாக இருந்தது. ஆனால் குடிபோகும் நாளுக்கு வர அவரை மாலில் விடவில்லை. அடுத்த மாதம்தான் அனுப்புவோம் என்றுவிட்டார்கள்.

"தொட்டியத் தஞ்சாவூர்லயே யாராவது வண்ணமீன் கடைக்காரர்ட்ட குடுத்துரு. உன்னால தனியா முடியாது. நான் வந்து புதுசா வச்சுக்கலாம்" என்றார் போனில். குரலில் சுரத்தே இல்லை. அம்மாவுக்கு அதைக் கேட்டதும் தெம்பு வந்துவிட்டது. "மாப்பிள்ளையே சொல்லிட்டாரு. கொடுத்துத் தொலை. புது வீட்டுக்கு எதுக்கு அந்தப் பாசி நாத்தம்?"

இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம். புதுசாக வைத்துக்கொள்ளலாமாம். தொட்டி புதுசாகக் கிடைக்கும். நான் விசிறி திருப்பி வைத்த சித்திரை மாதங்கள் எந்தக் கடையில் கிடைக்கும்? அவர் புது வீட்டு வாசற்படி ஏறி வரும்போது அந்த ஜோடியும் அந்தப் பாறையும் உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பீரோ கண்ணாடி உடைந்தால் உடையட்டும் என்றிருந்தேன்.

அத்தா மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கு வேறு கவலை. வீட்டை ஒட்டிய வயலில் சம்பா நட்டு, பயிர் பச்சை பிடித்திருந்தது. கடலோரத்தில் உப்பேறி வீணாய்ப் போன நிலங்களை நேரில் பார்த்தவர். உப்புத் தண்ணீர் என்றால் பாம்பைக் கண்ட மாதிரி ஒதுங்குவார்.

"உன் கடலக் கொண்டா. வேணாங்கல. ஆனா என் வயல்லயோ வாய்க்கால்லயோ ஒரு சொட்டு வுழக்கூடாது. சொல்லிட்டேன்" என்றார்.

தொட்டித் தண்ணீரில் பாதிக்கு மேல் கூடவே கொண்டு போக வேண்டும். அதற்கு டிரம் வேண்டும். அத்தா விதைநெல் ஊறவைக்கிற டிரம்களைத் தருவதாகச் சொன்னார். ஆனால் விதை மருந்து பட்ட டிரம்மில் மீன் பிழைக்காது. கடைசியில் குடிபோகிற அன்றைக்குச் சமைக்க வரவிருந்த பிரியாணி மாஸ்டரிடம், அவர் குடிதண்ணீருக்கு வைத்திருக்கும் நீல டிரம்களில் சிலவற்றை முன்கூட்டியே வாங்கிக்கொண்டேன். "கடல் தண்ணியா? அதுலயே ஆக்குனா உப்பு மிச்சம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பின்னால் நடக்கப்போவது முழுக்க இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

குடிபோவதற்கு முதல் நாள் என் கணவர் போனில் பாடம் நடத்தினார். முதலில் மேல் தண்ணீரை எடு, பிறகு பாறை, பிறகு மீன், கடைசியில் மணல். "ரெண்டு விஷயம் மட்டும் மறந்துராத. மணல் கலங்குன தண்ணிய எடுக்காத. அப்பறம், செம்பு எதுவும் தண்ணில படவே கூடாது. மீனாவது தாங்கும், பொத்தான் தாங்காது. மொத்தமாப் போயிரும்." செம்பைப் பற்றி அவர் சொன்னது எனக்குள் பச்சை குத்தின மாதிரி பதிந்துவிட்டது.

விடிந்ததும் மோட்டாரை நிறுத்தினேன். அத்தனை வருடமும் அந்தக் கூடத்தில் ஓடிக்கொண்டே இருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது. அடுத்த வீட்டில் மிக்சி ஓடுவதும், தெருவில் கீரைக்காரம்மா கூவுவதும் கேட்டன. நான் தனியாக இருந்த வீடு என்றுதான் அதை நினைத்திருந்தேன். உண்மையில் நான் தனியாக இருந்தது அந்தக் காலையில் மட்டும்தான்.

பாறைகளைத் தண்ணீரோடு பிளாஸ்டிக் தொட்டிகளில் வைத்தேன். 'அவர்' சமர்த்தாக வலையில் ஏறினார். மகாராணி லேசில் வருகிறவளா? மூலைக்கு மூலை ஓடி, கடைசியில் என் விரலைக் கடித்துவிட்டு வாளிக்குள் வந்தாள். "போற எடத்துல இந்த ஆட்டமெல்லாம் வச்சுக்காத" என்று திட்டினேன். காலி செய்த தொட்டியைத் தூக்கியதும், பின்னால் இருந்த சுவரில் அந்த நீள அகலத்துக்குப் பழைய பெயின்ட் புதுசாக இருந்தது. அதைப் பார்த்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. லோடு வண்டியோடு வந்திருந்த அத்தா பார்த்துவிடக் கூடாதென்று, டிரம் மூடி சரியாக இல்லை என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

லோடு வண்டியில் நான் முன்னால், மடியில் மீன் வாளி. அத்தாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை. பின்னால் ஏறி டிரம்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். "ரோட்டுல சிந்துனாப் பரவால்ல, நம்ம வீட்டு வாசல்ல சிந்துச்சுன்னா?" என்றார். கும்பகோணம் தாண்டி, வண்டி பள்ளத்தில் ஏறி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். ஒரு கை ஒரு டிரம் மூடியிலும் இன்னொரு கை பாறை வைத்த தொட்டியிலுமாக, துண்டு பறக்கப் பறக்க, அத்தா என் கடலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

புது வீட்டு வாசலில் அம்மா இரண்டு கையையும் விரித்து நிலையை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல குர்ஆன் போவணும். அப்பறம் அரிசி, உப்பு, தண்ணி. அதுக்கப்பறந்தான் மத்த சாமானெல்லாம்."

"அம்மா, மீனு வாளியில கெடக்கு."

"கெடக்கட்டும். அதுவும் சாமான்தானே?"

"உசுரும்மா அது!"

"உசுரா இருந்தா பொறுத்துக்கும்" என்றாள். அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. குர்ஆன் போனது. அரிசி போனது. புதுசாக வாங்கிய கல்லுப்பு போனது. சருவத்தில் தண்ணீர் போனது. அதற்குப் பிறகுதான் என்னையும் என் வாளியையும் உள்ளே விட்டாள்.

அத்தா பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் தார்ப்பாய் விரித்து, அதன் மேல்தான் என் டிரம்களை இறக்க விட்டார். பக்கத்திலேயே பிரியாணி மாஸ்டரின் மற்ற டிரம்கள். எல்லாம் ஒரே நீலம். நான் கூடத்தில் தொட்டியை நிறுத்தி, மணல் போட்டு, பாறைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். முழங்கை வரைக்கும் ஈரம். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து ஓதினார். பாதித் தண்ணீர் தொட்டிக்குள் போயிருந்தது. மீதி தாழ்வாரத்தில் இருந்தது. சமையலறையில் அம்மா பால் காய்ச்சினாள். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

பால் பொங்கவில்லை. திரிந்தது.

புது வீட்டில் முதல் பால் திரிந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். ஈரக் கையோடு கூடத்திலிருந்து நான் போய்ப் பார்த்தேன். பாத்திரத்தில் கட்டி கட்டியாக மிதந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிள்ளையில்லாத மகள், தூரத்தில் மருமகன், புது வீடு, திரிந்த பால். அவள் மனசில் ஓடியது எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி தெரிந்தது.

"பால் புதுசுதானே?"

"இப்பக் கறந்ததுடி. அடிப்பிடிக்காம இருக்க எப்பவும் போலக் கொஞ்சம் தண்ணி விட்டுத்தான் வச்சேன்."

"எந்தத் தண்ணி?"

"தாழ்வாரத்து டிரம்முலேருந்துதான். பிரியாணி மாஸ்டர் டிரம்."

சித்தி ஒருத்தி பாலில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "உப்பு!" என்று துப்பினாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. "எதுலம்மா மொண்ட?"

"எதுல மொள்ளுவாங்க? செம்புலதான்."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். செம்பு பட்டால் மொத்தமாகப் போய்விடும். அந்த டிரம்மிலிருந்து அதற்குள் நான் தொட்டிக்குத் தண்ணீர் எடுத்துவிட்டேனா இல்லையா, ஞாபகம் வரவில்லை. மருத்துவமனை வாசலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். திரிந்த பாலுக்காக மகள் இப்படி உடைந்துபோனாளே என்று அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் பொத்தானுக்காக அழுதேன். பார்த்தவர்களுக்கு எல்லாம் ஒரே அழுகைதான்.

அத்தாதான் வெளியே போய் அதை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "இதாம்மா உங்கம்மா மொண்ட செம்பு."

எவர்சில்வர். என் கல்யாணச் சீரில் வந்தது. வயிற்றில் என் பெயர் வெட்டியிருந்தது. எங்கள் வீட்டில் பித்தளையானாலும் எவர்சில்வரானாலும் அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் செம்பு. பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பயம் வந்ததும் என் பாஷையே எனக்கு மறந்துபோயிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில், பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று சித்தி தண்ணீர் கொண்டு வந்தாள். "எந்த டிரம்மு?" என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தேன்.

அம்மா இன்னும் தேறவில்லை. "இருந்தாலும் மொதப் பால்..." என்று இழுத்தாள். அத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உப்பும் தண்ணியும் மொதல்ல போவணும்னு நீதானே வாசல மறிச்ச? ரெண்டும் ஒண்ணாப் போயிருக்கு. இன்னொரு படி பால வாங்கிக் காச்சு."

ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் ஆகாது என்று சொன்ன மனுஷன் அவர். இரண்டாவது பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றினாள்.

நான் தொட்டிக்குத் திரும்பினேன். மீதித் தண்ணீரையும் ஊற்றி, மோட்டாரைப் போட்டு, ஜோடியை உள்ளே விட்டேன். விளக்குப் போடக் கூடாது, மீன்கள் மிரளும் என்று என் கணவர் சொல்லியிருந்தார். மகாராணி பாறைக்குப் பின்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். 'அவர்' அவள் மேல் உரசிக்கொண்டே இருந்தார். பொத்தான்கள் ஒன்றுவிடாமல் மூடியிருந்தன. வெளியே பந்தி நடந்தது. பிரியாணியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுச் சிரிப்பது கேட்டது. நான் பந்திக்குப் போகவில்லை. எழுந்திரு, எழுந்திரு என்று அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எப்போது எழுந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா வற்புறுத்தி வாயில் ஊட்டிய கவளத்தை மென்றுகொண்டு திரும்பிப் பார்க்கிறேன், மகாராணி நடுத்தொட்டியில் நிற்கிறாள். பின்னாலேயே 'அவர்'. பாறை ஓரத்தில் ஒரே ஒரு பொத்தான் பாதி விரிந்திருந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"என்னாச்சு?" என்றார் என் கணவர். "சாப்டியா?" என்றுகூடக் கேட்கவில்லை. "சீக்கிரம், மீனைக் காட்டு."

கேமராவைத் திருப்பிப் பிடித்தேன். "பாருங்க! வந்துட்டா பாருங்க. எல்லாரையும் அழ வச்சுட்டு எப்படி நிக்கிறான்னு பாருங்க. அங்க, அந்தப் பொத்தான், தெரியுதா?"

"தெரியுது. நல்லாருக்கு" என்றார். நான் எதிர்பார்த்த குரல் இல்லை அது.

"என்னங்க? உசுரோட கொண்டாந்து சேத்திருக்கேன். நல்லாருக்குன்னா என்ன அர்த்தம்?"

"இல்ல... கண்ணாடி பூரா வயல்தான் தெரியுது."

"ஆமா. எதிர்ல பெரிய ஜன்னல் இருக்குல்ல."

"நீ தெரியலையே."

எனக்குப் புரியவில்லை. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்த வீட்டுக் கூடம் இருட்டு. நீ மீனைக் காட்டுறப்போ கண்ணாடியில நீ தெரிவ. நேரா பாத்தா சண்டை மூஞ்சியாவே இருப்ப. மீனைக் காட்டுறப்போ சிரிச்சுக்கிட்டே இருப்ப. நான் அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், இத்தன வருஷமும்."

எத்தனை மதியங்கள் அந்த மீன்கள் மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஜன்னலில்லாத அந்தக் கூடத்தை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

போய் ஜன்னல் கதவுகளைச் சாத்தினேன். அத்தாவின் வயல் கண்ணாடியை விட்டுப் போனது. நீல விளக்கைப் போட்டேன். மீன்களுக்கு ஆகாது என்று தெரியும். அன்றைக்கு ஒரு நாள் மீன்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

"இப்பத் தெரியுதா?" என்றேன்.

"தெரியுது" என்றார்.

அதற்குப் பிறகு அன்றைக்கு நாங்கள் மீனைப் பற்றிப் பேசவில்லை.